எழுத்தும் நிறமும்

எழுத்தறிந்த ஒருவர் தம் கண்முன்னே உள்ள சொல்லைப் படியாமல் இருக்க முடியுமா? கடையின் பெயர்ப்பலகையையோ, பேருந்தின் முகப்பில் உள்ள ஊர்ப்பெயரையோ, மருந்துப் போத்தலில் ஒட்டிய சீட்டையோ கண்ட மாத்திரத்தே அதன் பொருள் மனத்தில் வந்து நிற்கின்றது. படிக்க வேண்டும் என்று எவரும் தீர்மானிப்பதில்லை. படியாதிருக்கத் தீர்மானித்தாலும் அது கைகூடுவதில்லை. எளிய இந்த உண்மையைப் பற்றிக்கொண்டு மனத்தின் இயல்பைத் துருவிய பரிசோதனை ஒன்று உளவியல் உலகில் நிலையான இடம் பெற்றுவிட்டது.

அதனைச் செய்தவர் ஜோன் ரிட்லி ஸ்ட்ரூப் என்னும் அமெரிக்கர். 1897ஆம் ஆண்டு டெனசி மாநிலத்தில் பிறந்த அவர், நாஷ்வில் நகரிலிருந்த பீபொடி கல்லூரியில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது இவ்வேலையில் ஈடுபட்டார். அதன் முடிவுகள் 1935ஆம் ஆண்டு வெளிவந்தன. ஒரு நிறத்தைக் கண்டு அதன் பெயரைக் கூறுவதற்கு, அப்பெயரை எழுத்திற் படிப்பதைவிடக் கூடிய நேரம் பிடிக்கும் என்பதை ஜேம்ஸ் கற்றெல் என்னும் அறிஞர் 1886ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டியிருந்தார். நிறமும் எழுத்தும் ஒரே இடத்தில் ஒன்றோடொன்று மாறுபட்டு நின்றால் என்ன நிகழும் என்பதே ஸ்ட்ரூப் எழுப்பிய வினா.

சிவப்பு, நீலம், பச்சை, கபிலம், ஊதா ஆகிய ஐந்து நிறப்பெயர்களை அவர் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு பெயரையும் அதற்கு உரியதல்லாத நிற மையினால் அச்சிடுவித்தார். சிவப்பு என்ற சொல் பச்சை மையிலும், நீலம் என்ற சொல் ஊதா மையிலும் இவ்வாறே அமைந்தன. சொல்லைப் பொருட்படுத்தாது மையின் நிறத்தை மட்டும் உரக்கக் கூறுமாறு 100 மாணவர்கள் கேட்கப்பட்டனர். ஒப்பு நோக்குவதற்காக, எழுத்து எதுவுமில்லாத வெறும் நிறச் சதுரங்களும் அவர்களுக்குக் காட்டப்பட்டன. 100 சதுரங்களின் நிறத்தைக் கூற அவர்களுக்குச் சராசரியாக 63.3 செக்கன் தேவைப்பட்டது. மாறுபட்ட சொற்கள் 100க்கு மையின் நிறத்தைக் கூறவோ 110.3 செக்கன் சென்றது. படிக்க வேண்டாம் என்று ஒதுக்கிய சொல், 47 செக்கன்களைப் பறித்துக்கொண்டது.

மறுபுறம் நோக்கினால் வியப்பு இன்னும் மிகும். மையின் நிறத்தை விட்டுச் சொல்லையே படிக்குமாறு வேறொரு மாணவர் குழுவிடம் கேட்டபோது, கறுப்பு மையில் 41 செக்கன் பிடித்த வேலைக்கு மாறுபட்ட மையில் 2.3 செக்கன் மட்டுமே கூடிற்று. எழுத்து நிறத்தை மறிக்கின்றது. நிறம் எழுத்தை மறிப்பதில்லை. வானொலியில் இதனைக் காட்டுதற்கு வழியில்லை. ஆயினும் நிறப் பென்சில்கள் சிலவும் ஒரு தாளும் இருந்தால் நேயர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்காத குழந்தை இருந்தால் அதனிடமும் கேட்டுப் பார்க்கலாம். பெரியோர் தடுமாறும் இடத்தில் அக்குழந்தை தடுமாறாது. அதற்கு எழுத்து என்பது வெறுங் கோடுதான்.

காரணம் யாதெனின், பழக்கம். பலர் நடக்கும் ஒற்றையடிப் பாதை தேய்ந்து தெளிவாவது போல, ஆண்டுக்கணக்காகப் படித்துவரும் ஒருவருக்கு எழுத்திலிருந்து பொருளுக்குச் செல்லும் வழி மனத்தில் நன்கு பதிந்துவிடுகின்றது. நிறத்தைப் பெயரிட்டுச் சொல்லும் பழக்கமோ அவ்வளவு இல்லை. இதனையும் ஸ்ட்ரூப் சோதித்தார். மாறுபட்ட சொற்களின் நிறத்தைக் கூறும் பயிற்சியை மாணவர்கள் எட்டு நாள் செய்தபோது இடையூறு குறைந்தது. ஆனால் முற்றாக ஒழியவில்லை. அதுமட்டுமன்று, பயிற்சி முடிந்த உடனே அதே சொற்களைப் படிக்கச் சொன்னபோது, சிறிது நேரம் படிப்பே தடைப்பட்டது.

பிற்காலத்தில், உயிரோடுள்ள மனிதரின் மூளையில் இரத்தவோட்டம் எவ்விடத்தில் மிகுகின்றது என்று காட்டும் கருவிகள் வந்தன. 1990ஆம் ஆண்டு தொடக்கம் இப்பரிசோதனை அக்கருவிகளின் துணையோடும் செய்யப்பட்டது. மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று நோக்கும் உட்புறத்தில், முன்பக்கமாக அமைந்த ஒரு பகுதி, சொல்லும் நிறமும் முரண்படும்போது கூடுதலாக இயங்குகின்றது. நெற்றிக்குப் பின்னே பக்கவாட்டில் உள்ள மற்றொரு பகுதி, நிறத்தையே சொல்ல வேண்டும் என்ற கட்டளையை நினைவில் தாங்கி நிற்கின்றது. முன்னது முரண்பாட்டை உணர்ந்து அறிவிக்கின்றது என்றும், பின்னது பழக்கத்தை அடக்கி வேண்டிய வழிக்கு வலுவூட்டுகின்றது என்றும் ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். முன்னதன் தொழிலைப் பற்றி அவர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு.

இவ்வறிவு வைத்தியசாலையிலும் பயன்படுகின்றது. விபத்தினாலோ நோயினாலோ மூளையின் முற்பகுதி பழுதுற்ற ஒருவர், நன்றாகப் பேசலாம், தடையின்றிப் படிக்கலாம். ஆயினும், படிக்கும் உந்துதலை அடக்கி நிறத்தைக் கூறுமாறு கேட்டால் மிகவும் இடர்ப்படக்கூடும். பார்ப்பவர் கண்ணுக்கு எளிதில் தோன்றாத ஒரு குறையை இத்தாள் வெளிப்படுத்திவிடுகின்றது.

ஒரு சொல்லுக்குள்ளேயே இத்தகைய போட்டி நிகழுமாயின், ஒருவர் இரு காரியங்களை ஒருங்கே செய்யும்போது நிகழ்வது என்ன? அமெரிக்காவின் யூற்றா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர், வில்லியம் ஜோன்ஸ்ரன் என்னும் இருவர் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை கூறுகின்றது. வாகனம் ஓட்டுவதை ஒத்த பணியொன்றில் ஈடுபட்டோர் தொலைபேசியிற் பேசிக்கொண்டிருந்தபோது, அவர்கள் தவறவிட்ட சமிக்ஞைகள் இரு மடங்குக்கு மேலாயின; கண்டுகொண்ட சமிக்ஞைகளுக்கும் அவர்கள் தாமதமாகவே செயற்பட்டனர். தொலைபேசியைக் கையிற் பிடித்துப் பேசினாலும், பிடியாது பேசினாலும் தீமை ஒன்றாகவே இருந்தது. குறை கையில் அன்று, கவனத்தில் என்பது இதனாற் புலனாகும். அதே ஆய்வில் வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம் இத்தகைய பாதிப்புக் காணப்படவில்லை. வானொலி மறுமொழி கேட்பதில்லை. உரையாடலோ கேட்டுக்கொண்டே இருக்கின்றது.

ஸ்ட்ரூப் பிற்காலத்தில் உளவியல் ஆராய்ச்சியைத் தொடராது, சமய போதனையிலேயே பெரிதும் ஈடுபட்டு 1973ஆம் ஆண்டு காலமானார். அவர் விட்டுச் சென்ற தாள் உணர்த்தும் உண்மை தெளிவானது. ஒதுக்கிவிட்டேன் என்று ஒருவர் எண்ணுவதனால் மட்டும் ஒரு பொருள் ஒதுங்கிவிடுவதில்லை. திறமை மிக்க மாணவரும் அந்தச் சொற்களைப் படியாதிருக்க இயலவில்லை. படித்த பின் அடக்கினர், அடக்குவதற்கு நேரத்தை விலையாகக் கொடுத்தனர். படிப்பறையில் அந்த விலை சில நிமிடங்களாக முடியும். வீதியில் அரைச் செக்கனும் ஓர் உயிரின் விலையாகலாம். ஆகவே, சாரதி தம் மனவுறுதியை நம்பித் தொலைபேசிக்கு மறுமொழி கூறுவதிலும், புறப்படுமுன் அதன் ஒலியை நிறுத்தி வைப்பதே அறிவுடைமையாகும்.