எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்?



நோயைக் கண்டறிவதில் எக்ஸ்-ரேக்கும் ஸ்கேனுக்கும் என்ன பங்கு என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். ராண்ட்ஜென் 1895-ல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார், மனைவியின் கையைப் படமெடுத்தார், 1901-ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு வாங்கினார். இதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளே சொல்லிவிடும். நான் தர்மபுரிக்காரரின் கையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

உங்கள் முன்கையைத் தடவிப் பாருங்கள். மணிக்கட்டு முதல் முழங்கை வரை இரண்டு எலும்புகள். நடுவில் மெல்லிய ஜவ்வு ஒன்று இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. எக்ஸ்-ரேயில் அந்த ஜவ்வு தெரியக் கூடாது. எலும்பு வெள்ளையாக, இடைவெளி கருப்பாக இருக்க வேண்டும். ஆனால் காலமெல்லாம் ஃபுளோரைடு மிகுந்த போர் தண்ணீரையே குடித்தவர் சிலரின் படத்தில், அந்தக் கருப்பு இடைவெளிக்குள் வேலங்கிளையில் முள் கிளம்புவது போல வெள்ளைக் கீற்றுகள் நீட்டிக்கொண்டு நிற்கும். ஜவ்விலேயே சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டியாகிவிட்டது என்று பொருள். எலும்பு ஃபுளோரோசிஸுக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட மனிதர் டாக்டர் அறைக்குள் எப்படி வருவார் தெரியுமா? பெயரைக் கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப மாட்டார், உடம்போடு திரும்புவார். தரையில் உட்கார முடியாது. மூட்டு வலி, முதுகு வலி என்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டே காலம் தள்ளியிருப்பார். கேட்டால், "வாயுங்க சார்" என்பார். இங்கேதான் ஆபத்து. வலி மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் கெடலாம். உடம்பில் சேர்ந்த ஃபுளோரைடை வெளியேற்றுவதும் அதே சிறுநீரகம்தான்! நோய்க்குத் தின்ற மாத்திரையே நோயை வளர்க்கிறது. குறைந்த செலவில் முடிகிற ஒரு படம் முன்பே எடுத்திருந்தால் இந்தச் சுழலை நிறுத்தியிருக்கலாம்.

இது புது நோயும் அல்ல. 1937-லேயே, அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் ஷார்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் இந்த நோயை விவரித்து எழுதிவிட்டார்கள். நம் மண்ணுக்கு அடியில் இருப்பதும் அதே மாதிரிக் கடினப் பாறை. பாறையிலிருந்து ஃபுளோரைடு தண்ணீரில் கரைகிறது. இந்தியத் தர நிர்ணயம் சொல்வது, லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று. காய்ச்சினால் போய்விடும் என்று நம் வீட்டுப் பெண்கள் நம்புகிறார்கள். போகாது. தண்ணீர் வற்ற வற்ற ஃபுளோரைடின் அடர்த்திதான் கூடும்.

இப்போது படத்தின் வரம்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கே எல்லோரும் ஸ்கேன் சென்டர் வாசலில் நிற்பீர்கள். எலும்பு பளீரென்று வெள்ளையாகத் தெரிந்தால் அது ஃபுளோரோசிஸ்தான் என்று முடிவு கட்டக் கூடாது. ஆண்களுக்கு வரும் ப்ராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவினாலும் வெள்ளையாகத்தான் தெரியும். அதேபோல எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் ஃபுளோரோசிஸ் உள்ளவரிடம் நல்ல அளவையே காட்டும். ஆள் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். அடர்த்தி இருக்கும், வலு இருக்காது. அந்த எலும்பு உடையும்.

ஆகவே படத்தைப் பார்ப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பெரியவரே, எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்பது. சிறுநீரிலும் தண்ணீரிலும் ஃபுளோரைடைச் சோதித்து, படத்தோடு சேர்த்துப் பார்த்தால் நோய் பிடிபடும். சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து படம் பார்க்கும் டாக்டருக்கு, ஊர் பெயர் சொல்லாவிட்டால் இந்தக் கேள்வி எப்படித் தோன்றும்? சீட்டில் ஊர் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

எம்.ஆர்.ஐ. எப்போது தேவை? கால் மரத்துப்போகிறது, நடை தடுமாறுகிறது, சிறுநீர் அடக்க முடியவில்லை என்றால் தாமதிக்காதீர்கள். முதுகெலும்பின் தசைநார்கள் தடித்துத் தண்டுவடத்தை நெருக்கலாம். எக்ஸ்-ரே எலும்பைக் காட்டும், தண்டுவடத்தைக் காட்டாது. எம்.ஆர்.ஐ. எந்த இடத்தில் நெருக்கம் என்று காட்டும், சி.டி. ஸ்கேன் எலும்பாகிப்போன தசைநாரைக் காட்டும். அறுவை செய்பவர் எந்த மட்டத்தில் திறக்க வேண்டும் என்பதை இவ்விரண்டையும் வைத்துத்தான் முடிவு செய்கிறார். வெறும் முதுகு வலிக்கு மட்டும் கடன் வாங்கி எம்.ஆர்.ஐ. எடுக்க ஓடாதீர்கள்.

ஸ்கேன் பற்றித் தர்மபுரியில் பேசிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் இறங்கினால் அது நேர்மையாகாது. கர்ப்பப்பையில் பிள்ளையின் இதயம் துடிக்கிறதா, நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று பார்த்துத் தாயைக் காப்பாற்ற வந்த கருவியை, வீட்டுக்கு வீடு தூக்கிப்போய்ப் பெண்ணா என்று பார்க்கும் கும்பல்கள் இந்த மாவட்டத்தில் பிடிபட்டிருக்கின்றன. இதைத் தடுக்க 1994-லேயே சட்டம் வந்துவிட்டது. கும்பலைத் திட்டுகிறோம். வாசலைத் திறந்துவிட்ட மாமியாரையும் மாமனாரையும் யார் திட்டுவது?

சரி, தண்ணீருக்கே வருகிறேன். ஃபுளோரோசிஸ் எலும்பைப் பழையபடி ஆக்கும் மருந்து கிடையாது. முதல் சிகிச்சை தண்ணீரை மாற்றுவதுதான். அதற்காகத்தான் 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தார்கள். 2013-ல் தொடங்கிவைத்தார்கள். அந்தத் தண்ணீர் உங்கள் தெருக் குழாயில் வருகிறதா, போர் தண்ணீர் கலக்காமல் வருகிறதா என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள். தண்ணீரைச் சோதித்த சீட்டைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். "ஆத்துத் தண்ணி சப்புனு இருக்கு" என்று போர் தண்ணீரில் சோறு பொங்கும் அத்தைமார்களிடம் நீங்கள்தான் சண்டை போட வேண்டும், என்னால் ஆகாது. பாலும் கேழ்வரகும் நெல்லிக்காயும் சாப்பிடுங்கள். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சி-யும் இந்த நோய்க்கு நல்லது. அதியமான் ஊரில் நெல்லிக்காயை நான் சிபாரிசு செய்ய வேண்டியிருப்பதுதான் வேடிக்கை.

பழைய எக்ஸ்-ரே படங்களைப் பரணில் போட்டுவைத்திருந்தால் தூக்கி எறியாதீர்கள். டாக்டரிடம் போகும்போது எடுத்துப் போங்கள். புதுப்படத்துக்குப் பக்கத்தில் பழையதை வைத்தால்தான் நோய் நின்றிருக்கிறதா, நடக்கிறதா என்று சொல்ல முடியும். அடுத்துப் பேச வேண்டியவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சந்தேகம் இருப்பவர்கள் மேடைக்குக் கீழே வாருங்கள், பேசுவோம்.