சோற்றைக் கடைசியில் எழுதுவோம்: பிள்ளை பார்க்கும் வீட்டில் ஒரு வாரச் சாப்பாடு

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆயாக் கொட்டகையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போகிற தாய், தூக்கம் கலையாத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அங்கே விட்டுவிட்டு மரம் சீவப் போவாள். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். மரம் சீவும் வயதைக் கடந்த ஒரு பாட்டிதான் பெரும்பாலும் ஆயாவாக இருப்பார். பிள்ளைகள் அழுதாலும் சிரித்தாலும் அவர் பொறுப்பு.

சுங்கை சிப்புட், செம்மோர், தஞ்சோங் ரம்புத்தான் வட்டாரங்களில் ரப்பர் மரங்கள் நின்ற எத்தனையோ இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. அல்லது வீடமைப்புப் பகுதி எழுந்துவிட்டது. தோட்டத்துக் குடும்பங்கள் பல ஈப்போவுக்கும் அதன் சுற்றுப்புறங்களுக்கும் வந்துவிட்டன. தாய்மார்கள் தொழிற்சாலைக்கும் கடைக்கும் துப்புரவு வேலைக்கும் போகிறார்கள். ஆயா மட்டும் மாறவில்லை. இப்போது அவர் பக்கத்து வீட்டு அம்மாவாகவோ, அடுக்குமாடியில் கீழ்த்தளத்து அக்காவாகவோ இருக்கிறார். பிள்ளையின் காலைப் பசியாறல், மத்தியானச் சோறு, மாலைப் பலகாரம் எல்லாம் அவர் கையால்தான். ஆகவே, பிள்ளை பார்க்கும் அந்தத் தாய்மார்களோடும், பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோரோடும் இன்று சற்றுப் பேச விரும்புகிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஈப்போவில் அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். ஒன்பது மாதக் குழந்தை ஒன்று, இரண்டு வயதில் ஒன்று, மூன்று வயதில் ஒன்று, பாலர் பள்ளி முடிந்து மத்தியானம் வரும் ஐந்து வயதுப் பையன் ஒருவன். வீடு சுத்தமாக இருந்தது. பிள்ளைகள் அந்த அம்மாவின் மடியை விட்டு இறங்க மறுத்தார்கள். அதைவிட நல்ல சான்று வேறு என்ன வேண்டும்? ஆனால் மூன்று வயதுப் பிள்ளை இரண்டு வயதுப் பிள்ளையின் உயரமே இருந்தது.

"போன வாரம் என்னென்ன சமைத்தீர்கள், அம்மா?" என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதினோம். திங்கள்: சோறு, பருப்புத் தண்ணி, அப்பளம். செவ்வாய்: சோறு, கிச்சாப், பொரித்த முட்டை. புதன்: மேகி மீ. வியாழன்: சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல். வெள்ளி: சோறு, ரசம், மறுபடியும் உருளைக்கிழங்கு. காலையில் தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட், மாலையிலும் அதுவே.

"ஒரு பிள்ளைகூடப் பசியோட வீட்டுக்குப் போனதில்லைங்க" என்றார். உண்மைதான். ஆனால் ஐந்து நாளில் கீரை ஒரு நாளும் இல்லை. பழம் இல்லை, மீன் இல்லை. முட்டை ஒரே ஒரு நாள். காய்கறி என்று அவர் எண்ணியது உருளைக்கிழங்கை. அதுவோ சோற்றின் தம்பி. அவரே தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதிப் பார்த்தாத்தானே தெரியுது" என்றார்.

அவரைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. ஒரு கையில் குழந்தை, மறுகையில் அகப்பை என்று நிற்பவருக்கு, பதினொரு மணிக்குக் கைக்கு எட்டுவதுதான் சமையல். அன்றன்றைக்கு யோசித்தால் எல்லோர் வீட்டிலும் உருளைக்கிழங்குதான் வரும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து ஒரு வாரத்துக்கும் எழுதி வைக்கச் சொல்கிறோம்.

வயிறு நிறைந்தும் உடம்பு வாடும் என்பது நம் நாடு அனுபவித்து அறிந்த பாடம். நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. கால் வீங்கும், மரத்துப்போகும், கடைசியில் இதயம் நின்றுவிடும். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்களிடையே நோய் மலிந்திருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களிடம் அரிதாக இருந்தது. 1907இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். அரிசி கெட்டுப்போய் அதில் நஞ்சு ஏறுகிறது என்பது அவர் எண்ணம். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர், சாலை போடும் ஜாவா தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அரிசி எங்கே போனதோ அங்கே நோயும் போனது. தீட்டும்போது உமிக்கடுத்த மெல்லிய தவிட்டுத் தோலோடு ஓர் உயிர்ச்சத்து போய்விடுகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. அந்தத் தொழிலாளர்கள் பட்டினி கிடக்கவில்லை. தட்டு நிறையச் சோறு இருந்தது. ஒன்றே ஒன்று குறைந்திருந்தது.

இன்று நம் பிள்ளைகளிடம் பெரிபெரி இல்லை. ஆனால் 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று காட்டியது. ஐந்தில் ஒரு பிள்ளைக்கு மேல். குட்டையான பெற்றோருக்குக் குட்டையான பிள்ளை என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. முதல் இரண்டு வயதில் தவறிய வளர்ச்சியைப் பிறகு பிடிப்பது கடினம்.

சரி, எப்படி எழுதுவது? நாங்கள் ஒரு தலைகீழான வழியைச் சொல்கிறோம். சோற்றைக் கடைசியில் எழுதுங்கள். சோறு தானாக வந்துவிடும். அதற்குத் திட்டம் தேவையில்லை. தாளில் ஐந்து நாளையும் போட்டு, முதலில் ஒவ்வொரு நாளுக்கும் உடம்பை வளர்க்கும் பண்டம் ஒன்றை எழுதுங்கள்: முட்டை, மீன், பருப்பு, பயறு, கோழி, தவ்வு. அடுத்து ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கீரை அல்லது நிறமுள்ள காய். மூன்றாவதாக ஒரு பழம். இவ்வளவும் ஆன பிறகு சோறா, தோசையா, இடியப்பமா என்று பாருங்கள். சுகாதார அமைச்சு 'சுக்கு, சுக்கு, செப்பாரோ' என்று சொல்கிறதே, தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு வகை, அரைப் பங்கு காயும் பழமும் என்று, அதன் கருத்தும் இதுதான். பிள்ளைக்கு அளவு அதன் வயிற்றுக்குத் தக்கபடி இருக்கட்டும், வகை குறையக்கூடாது.

அந்த அம்மாவோடு உட்கார்ந்து நாங்கள் எழுதிய வாரம் இது. திங்கட்கிழமை, பருப்போடு தண்டுக்கீரையைக் கடைந்து, ஆளுக்கொரு அவித்த முட்டை. பசாரில் பாயம் என்று விற்பதுதான் தண்டுக்கீரை. பருப்புத் தண்ணியை ஊற்றிவிட்டுப் பருப்பைச் சட்டியிலேயே விட்டுவிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. சத்து அடியில் கிடக்கும் பருப்பில்தான் இருக்கிறது. அதை மசித்துப் போடுங்கள். செவ்வாய்க்குக் கெம்போங் மீன். விலை உயர்ந்த மீன்தான் நல்ல மீன் என்பது தவறான எண்ணம். கெம்போங்கில் நல்ல கொழுப்பும் புரதமும் தாராளமாக உண்டு. முள்ளைக் கரண்டியால் தேடாமல் விரலால் தடவி எடுத்துவிட்டு ஊட்ட வேண்டும். கூடவே பூசணிக்காய். புதன்கிழமைக்குப் பச்சைப்பயறும் காரட்டும் போட்ட கிச்சடி. மேகி பிரியர்களுக்கு மீ வேண்டுமென்றால் சாதாரண மீயை வாங்கி, சவிக்கீரையும் முட்டையும் போட்டு, அந்தப் பொட்டலத்து உப்புத்தூள் இல்லாமல் செய்து கொடுக்கலாம். வியாழனன்று முருங்கைக்கீரையும் நெத்திலியும். முன்பு லயத்துக்குப் பின்னால் முருங்கை மரம் இல்லாத வீடு ஏது? இப்போது அடுக்குமாடியில் மரம் இல்லை. தெரிந்தவர் வீட்டில் கேட்டு வாங்க வெட்கப்பட வேண்டாம். நெத்திலியை எலும்போடு தின்பதால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கிறது. காய்ந்த நெத்திலியில் உப்பு மிகுதி, ஆகவே ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசி, சிறியவர்களுக்கு இடித்துப் போடுங்கள். வெள்ளிக்கிழமை பல வீடுகளில் மரக்கறி. அன்று தவ்வு அல்லது தெம்பே, ஒரு பயற்றங்காய்ப் பொரியல், தயிர்.

பழத்துக்கு வெளிநாட்டு ஆப்பிள் தேவையில்லை. பப்பாளி, வாழைப்பழம், கொய்யா போதும். தம்புன் பம்பளிமாஸ் கிடைக்கும் ஊரில் இருக்கிறோம். சாப்பாட்டோடு கொய்யாவோ, பருப்பில் பிழிந்த எலுமிச்சையோ சேர்ந்தால், பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு நன்றாக ஏற்றுக்கொள்கிறது. தேத்தண்ணி அதற்கு நேர் எதிர். இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு விடுவதில்லை. எனவே சின்னப் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணியே வேண்டாம்.

நாலு வயதுக்கு நாலு சட்டி வைக்க முடியுமா என்று கேட்பீர்கள். ஒரே சட்டி போதும். உப்பும் மிளகாயும் போடுவதற்கு முன் ஒரு கிண்ணம் எடுத்து மசித்தால் ஒன்பது மாதக் குழந்தைக்கு ஆயிற்று. கொஞ்சம் உப்பு போட்டு, கட்டி கட்டியாக மசித்தால் இரண்டு வயதுக்கு. மிச்சம் பெரியவனுக்கும் உங்களுக்கும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே. ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவுவதும் கூடாது. பாட்டிமார்கள் கோபிக்க வேண்டாம்.

மாலைப் பலகாரத்துக்குப் புந்தோங் கச்சாங் பூத்தே நினைவுக்கு வரும். அவித்த கொண்டைக்கடலை அருமையான உணவு. ஆனால் முழுக் கடலை, வேர்க்கடலை, முழுத் திராட்சை, கொட்டையோடு ரம்புத்தான் ஆகியவை சின்னப் பிள்ளையின் மூச்சுக்குழலை அடைத்துவிடும். மசித்துக் கொடுங்கள், பிள்ளை உட்கார்ந்து சாப்பிடட்டும், ஓடிக்கொண்டு அல்ல.

இன்னொன்று, பெற்றோர் பையில் போட்டு அனுப்பும் டின் பால். டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசினார். பேச்சின் தலைப்பே 'பாலும் கொலையும்'. குழந்தைகளுக்கு இனிப்புப் பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடாக விற்பதைக் கொலை என்றே அவர் சொன்னார். எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த டின் நம் அலமாரியை விட்டு இறங்கவில்லை. அதில் சீனிதான் கூடுதல். தேத்தண்ணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளையின் புட்டிக்கு வேண்டாம்.

விடியற்காலை நாலு மணிக்குத் தாய் சமைத்துக் கட்டிக் கொடுத்த சோறு, நம் ஊர் வெக்கையில் மத்தியானம் வரை வெளியே இருந்தால் கெட்டுவிடும். மணம் மாறாமலும் கெடும், அதுதான் ஆபத்து. வந்தவுடன் ஐஸ்பெட்டியில் வைத்து, கொடுக்கும்போது ஆவி பறக்கச் சூடாக்கி ஆறவைத்துக் கொடுங்கள்.

கிழமைக்கு ஒன்று என்று வகுத்து வைப்பது பெரிய சமையற்கூடங்களிலும் உள்ள வழக்கம். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கியபோது, எந்தக் கிழமை உப்புமா, எந்தக் கிழமை கிச்சடி, எந்தக் கிழமை பொங்கல் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். பெற்றோருக்கும் தெரியும், சமைப்பவருக்கும் தடுமாற்றம் இல்லை. நாலு பிள்ளைகள் உள்ள வீட்டிலும் தாளை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். மத்தியானம் மீன் சாப்பிட்டது தெரிந்தால் இரவு தாய் கீரையைப் பார்த்துக்கொள்வாள்.

இனி, யாரும் வாய் திறக்காத விஷயம்: செலவு. மாதக் கூலியில் சாப்பாடும் சேர்த்தியா, இல்லையா? பிள்ளையை விடும் முதல் நாளே இதைப் பேசிவிட வேண்டும். பேசாமல் விட்டால் பார்ப்பவர் கையைக் கடிக்கும். கையைக் கடித்தால் முதலில் குறைவது மீனும் பழமும்தான். அந்த வீட்டிலும் அதுவே நடந்திருந்தது. "எப்படிங்க கேக்கறது, அவங்களும் நம்மள மாதிரிதானே" என்றார். தாளைக் காட்டியபோது வழி பிறந்தது. ஒரு தாய் வாரத்துக்கு முட்டை கொடுப்பது, இன்னொருத்தி மீன், மற்றவள் பழமும் கீரையும் என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். அதே சமயம் எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது, முட்டையா, கடலையா, இறாலா என்று கேட்டுத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்கள். வேறு மதத்துப் பிள்ளையைப் பார்ப்பவர்கள் அந்த வீட்டு உணவு முறையையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிள்ளை பார்க்கும் தாய்மார்கள் சட்டத்தையும் அறிந்திருப்பது நல்லது. 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி, கூலி வாங்கிக்கொண்டு நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நான்கு பேர் அல்லது அதற்கு மேல் பார்ப்பவர்கள் சமூகநல இலாகாவில் பதிந்துகொள்ள வேண்டும். சொந்த வீட்டில் பத்துப் பேருக்குக் குறைவாகப் பார்ப்பதற்கும் அதில் இடமுண்டு. அந்த அம்மாவிடம் அந்த வயதில் மூவர்தான் இருந்தார்கள். நாலாவது பிள்ளையை விட ஒரு தாய் கேட்டிருப்பதாகச் சொன்னார். இலாகாவுக்கு ஒரு நடை போய் வந்து பிறகு பதில் சொல்லச் சொன்னோம். போகும்போது அடுத்த வாரத் தாளையும் எழுதச் சொன்னோம். அதில் வியாழக்கிழமைக்கு நேரே, முருங்கைக்கீரை கிடைக்காவிட்டால் கங்கோங் என்று அவரே எழுதினார்.