கண்ணுக்குத் தெரியாத மினுக்கம்

சமய மேடையிலே ரப்லெற்றைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். தேவாரத்தைக்கூட இன்று பலர் அதைப் பார்த்துத்தான் ஓதுகிறோம். ஆகையால் பொறுத்தருள வேண்டும்.

2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. பற்றரி போய்விடுமென்று திரையின் ஒளியை ஆகக் குறைத்து, இருட்டிலிருந்து படித்தவர்கள் இச்சபையிலும் இருப்பீர்கள். ஒளி குறைந்தால் கண்ணுக்கு இதம் என்பது நமது எண்ணம். சில திரைகளில் விஷயம் நேர்மாறானது.

ஒளியைக் குறைக்க இரண்டு வழிகளுண்டு. அரிக்கன் லாம்பின் திரியை இறக்குவது போல மின்னோட்டத்தைக் குறைப்பது ஒன்று. மற்றையது, ஒளியை அணைத்து அணைத்து ஏற்றுவது. செக்கனுக்கு இருநூறு, முந்நூறு தரம் அணைந்து எரிந்தால் அணைவதை நாம் காண்பதில்லை, மங்கலாகவே காண்கிறோம். ஒளியைக் குறைக்கக் குறைக்க, அணைந்திருக்கும் நேரம் நீளும். ஓஎல்ஈடி திரைகள் பலவற்றில் இம்முறையே. எல்சிடியிலும் சிலவற்றில் உண்டு.

காணாத ஒன்று கண்ணை வருத்துமா? பழைய ரியூப் லைற் நமது மின்சாரத்தில் செக்கனுக்கு 100 தரம் மினுங்கும். இங்கிலாந்திலே ஆர்னல்ட் வில்கின்ஸ் என்பவரும் அவரது குழுவினரும் அலுவலக ஊழியர்களிடையே, அவ்விளக்கையும் மிகு விரைவில் இயங்கும் விளக்கையும் மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். இரண்டாவதன் கீழே தலையிடியும் கண்நோவும் பாதிக்கு மேல் குறைந்தன என்று 1989இல் வெளியிட்டார்கள். எல்லாருக்கும் இந்நோவு வருவதில்லை. வருகிறவருக்கோ பெரும் உபாதை.

ஆகவே வாங்குமுன் கடையிலேயே பாருங்கள். ரியூப் லைற் படாத மூலையில், ஒளியை ஆகக் குறைத்து, வெள்ளைப் பக்கமொன்றைத் திறந்து, திரைக்கு முன்னே பென்சிலொன்றை விரைவாக ஆட்டுங்கள். பென்சில் புகை போலக் கலங்கித் தெரிந்தால் நல்லது. விசிறி மடிப்புப் போலப் பல பென்சில்களாகப் பிரிந்து தெரிந்தால் அத்திரை மினுங்குகிறது. கடைக்காரர் முகஞ் சுளிப்பார்; சுளிக்கட்டும், காசு நம்முடையது. பெட்டியிலே 'மினுக்கமற்றது' என்று அச்சிட்டிருந்தாலும் இச்சோதனையை விடாதீர்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் திரையொளியைப் பாதிக்கு மேல் கூட்டி, பக்கத்தில் விளக்கொன்றையும் வைத்துப் படிக்கலாம். பற்றரி சற்று விரைவாகத் தீரும், அவ்வளவுதான்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை "தலை இடிக்குது" என்றால் படிக்கக் கள்ளம் என்று ஏசாதீர்கள். முதலில் அந்தத் திரையைச் சோதியுங்கள். கண்ணாடி தேவைப்படுவதாலும் தலையிடி வரும். திரையை மாற்றியும் நோவு நிற்காவிட்டால் கண் வைத்தியரிடம் காட்டுங்கள்.