கலப்பைக்கும் குதிரைக்கும் கல்லூரிப் படிப்பு

(பெற்றோரும் மாணவரும் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் சாரம்)



பிள்ளை படித்து என்ன ஆக வேண்டுமென்று நம் ஊர்ப் பெற்றோரைக் கேட்டால் டாக்டர் என்பார்கள், இஞ்சினீயர் என்பார்கள். இரண்டும் கிடைக்காவிட்டால் ஏதோ ஒரு ஆபீசில் ஒரு நாற்காலி என்பார்கள். பையன் விவசாயம் படிக்கிறேன் என்றாலோ, பெண் குதிரை வளர்ப்பைப் படிக்கிறேன் என்றாலோ, "மண்ணைக் கிளறவும் சாணி அள்ளவுமா காலேஜுக்கு அனுப்புவது?" என்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே வந்திருக்கிறோம்.

உழைப்பு இழிவு என்ற எண்ணம் நமக்குத் தானாக வந்ததா? மனுதர்மத்தின் 10ஆம் அத்தியாயம் 84ஆம் சுலோகத்தைப் பாருங்கள். இரும்பு முனையுள்ள கலப்பை பூமியையும் அதிலுள்ள பிராணிகளையும் வெட்டுகிறதாம். ஆகையால் பயிர்த்தொழில் பெரியோரால் நிந்திக்கப்பட்டதாம்! உழுகிறவன் இழிவு, ஆனால் அவன் விளைவித்த நெல்லில் மட்டும் எந்த இழிவும் ஒட்டுவதில்லை. குதிரையின் மேல் உட்காருகிறவன் துரை; அதைக் குளிப்பாட்டித் தீனி வைக்கிறவன் கீழ்மகன். இந்தக் கணக்கை நம்பி, நமக்குச் சோறு போடுகிற தொழிலை நாமே கேவலமாக எண்ணுவதைவிட மானக்கேடு வேறென்ன இருக்கிறது?

இத்தொழில்கள் இழிவானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இவற்றுக்கு அறிவு வேண்டாம், பழக்கமும் பஞ்சாங்கமும் போதும் என்று வைத்துவிட்டார்கள். குதிரை வாங்கப் போகிறவர் முதலில் எதைப் பார்க்கிறார்? சுழி பார்க்கிறார். இன்ன இடத்தில் சுழி இருந்தால் குடும்பம் விளங்கும், இன்ன இடத்தில் இருந்தால் எஜமானுக்கு ஆகாது என்கிறார். குளம்பு வெடித்திருக்கிறதா, பல்லைப் பார்த்தால் வயது என்ன, நடையில் நொண்டல் உண்டா என்று பார்ப்பதில்லை. மயிர் வளைந்து முளைப்பதற்கும் வீட்டுக்காரரின் ஆயுளுக்கும் என்ன சம்பந்தம்?

குதிரையின் உடம்பைப் படித்தவர் சொல்வதைக் கேளுங்கள். அதன் பெரிய உடம்புக்கு இரைப்பை மிகச் சிறியது. அதற்கு வாந்தியெடுக்கவும் முடியாது. ஆகவே கொஞ்சங் கொஞ்சமாகப் பலமுறை தின்பதே அதற்கு இயற்கை. ஒரே வேளையில் தானியத்தைக் கொட்டினால் வயிற்றுவலி கண்டு உருண்டு புரண்டு செத்தும் போகும். அப்போது கண்ணேறு பட்டுவிட்டது என்று கயிறு மந்திரித்துக் கட்டுகிறார்கள்! கிளாண்டர்ஸ் என்ற நோய் குதிரையிடமிருந்து மனிதனுக்கும் தொற்றக் கூடியது. இரத்தத்தைப் பரிசோதித்துக் கண்டறிய வேண்டிய அதைச் சுழி பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? அறியாமையால் முதலில் சாவது குதிரை. அடுத்த ஆபத்து அதைப் பராமரிக்கிற ஏழைத் தொழிலாளிக்கு.

மாட்டு வைத்தியத்துக்கும் ஆட்டு வைத்தியத்துக்கும் தாயான கால்நடை மருத்துவக் கல்வியே பெரும்பாலும் குதிரையை ஒட்டிப் பிறந்ததுதான். பிரான்சில் லியோன் நகரில் 1761இல் அனுமதி பெற்று முதல் பள்ளியை ஏற்படுத்திய பூர்ஷெலா, குதிரையேற்றப் பள்ளியை நடத்தியவர். நம் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் ஏற்பட்டது.

விவசாயக் கல்வி சைதாப்பேட்டையில் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கி, 1906இல் கோயமுத்தூருக்குப் போய், 1971இல் பல்கலைக்கழகமாயிற்று. அதே கோயமுத்தூரில் 1912இல் ஏற்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில், நாட்டுக் கரும்பையும் காட்டில் தானே முளைக்கும் நாணல் வகையையும் ஒட்டுச் சேர்த்து, 1918இல் கோ 205 என்ற கரும்பை வெளியிட்டார்கள். அது வடநாட்டு வயல்களில் விளைந்தது. எந்த யாகத்தினால் அது விளைந்தது? மகரந்தத்தைக் கையில் எடுத்துப் பரீட்சித்த அறிவினால் விளைந்தது.

சரி, பிள்ளைகளுக்கு வழி என்ன? 12ஆம் வகுப்பில் உயிரியல் படித்தவர்கள் விவசாயம், தோட்டக்கலை, வனவியல், பட்டு வளர்ப்பு ஆகியவற்றில் 4 ஆண்டுப் பட்டம் படிக்கலாம். விவசாயப் பட்டத்தில் கிராமத்தில் தங்கி உழவரோடு பழகும் பயிற்சியும் உண்டு. நீண்ட படிப்புக்கு வசதியில்லாதவர்க்கு 2 ஆண்டு டிப்ளமா இருக்கிறது. குதிரையை நாடுகிறவர்க்கு நம் நாட்டில் முக்கிய வழி கால்நடை மருத்துவப் பட்டமே. பயிற்சிக் காலத்தோடு 5½ ஆண்டு. அதன்பின் இராணுவத்தின் கால்நடைப் பிரிவு, பந்தயக் குதிரை லாயம், குதிரைப் பண்ணை, ஆராய்ச்சி எனப் பல வாசல்கள் உண்டு. அரியானாவில் ஹிசாரில் குதிரைக்கென்றே மத்திய சர்க்காரின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி விவசாயம், கால்நடை மருத்துவம் இரண்டிலும் 7.5 சதவிகித இடம் தனியே உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டுப் பிறகு தலையெழுத்து என்று சொல்லாதீர்கள்.

இங்கிலாந்திலோ குதிரை நிர்வாகத்திற்கென்றே கல்லூரிப் பட்டம் இருக்கிறது. ஹார்ட்பரி என்ற ஊரில் அதற்குப் பெயர் பெற்ற பல்கலைக்கழகமும் இருக்கிறது. சைரன்செஸ்டர் விவசாயக் கல்லூரி 1845இலேயே ஏற்பட்டது. லாடம் அடிக்கிறவர் தொழில் பழகிப் பரீட்சை தேறிப் பதிவு பெற வேண்டுமென்று அங்கே 1975இல் சட்டமே செய்தார்கள். அங்கே லாடம் கட்டுவது பரீட்சைத் தொழில். இங்கே பிறவித் தொழில். வித்தியாசம் குதிரையில் இல்லை தோழர்களே, நம் புத்தியில் இருக்கிறது.

பட்டம் வாங்கினால் உத்தியோகம் நிச்சயம் என்று நாம் சொல்லவில்லை. சேற்றில் கால் வைக்கக் கூசுகிற விவசாயப் பட்டதாரியாலும், லாயத்தின் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்துகிற குதிரை வைத்தியராலும் யாருக்கும் பயனில்லை. ஏழு தலைமுறையாக மாடு மேய்த்தவர் வீட்டுப் பெண்ணுக்குக் கை ஏற்கனவே பழகியிருக்கிறது. படிப்பும் சேர்ந்தால் அவளுக்கு இணை யார்?

ஆகவே, பெற்றோர்களே! பரீட்சை முடிவு வந்ததும் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாமல், கல்லூரி விண்ணப்பத்தை வாங்கிப் படியுங்கள். கடைசித் தேதியைக் குறித்து வையுங்கள். ராகுகாலத்தில் விண்ணப்பம் போட்டாலும் கல்லூரி பார்ப்பது மார்க்கைத்தான் என்று சொல்லி, இவ்வளவோடு முடித்துக்கொள்கிறோம்.