23 படத்திலும் ஒரே காது

இன்னிக்கு எபிசோடுல கெஸ்ட் யாரும் இல்லை. நான் மட்டும்தான். என் முன்னாடி கோடு போடாத ஒரு நோட்டு இருக்கு. அட்டையில எண்ணெய்க் கறை, ஓரத்துல பால் காய்ஞ்ச தடம். என் மக பொறந்ததிலிருந்து ஒரு வயசு வரைக்கும் நான் வரைஞ்ச படங்கள் இதுல இருக்கு. இந்த நோட்டைப் பத்தித்தான் இன்னிக்குப் பேசப் போறேன்.

முதல்லயே சொல்லிடறேன், நான் ஓவியன் கிடையாது. கோயம்புத்தூர்ல ஒரு பம்ப்செட் கம்பெனியில டிசைன் பிரிவுல வேலை. இம்பெல்லர், கேசிங், ஷாஃப்ட்னு நாள் முழுக்க கம்ப்யூட்டர்ல வரையறவன். காகிதத்துல பென்சில் வெச்சு பல வருஷம் ஆயிருந்துச்சு.

அப்புறம் ஏன் வரைஞ்சேன்? பிரசவத்துக்கு மனைவி அம்மா வீட்டுக்கு, கோபிக்குப் போயிட்டாங்க. நம்ம பக்கம் அதுதானே வழக்கம். குழந்தை பொறந்ததும் எனக்குக் கிடைச்ச லீவு 3 நாள். 2017 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் அம்மாக்களுக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு உண்டு. மத்திய அரசு வேலையில இருக்கற அப்பாக்களுக்கு 15 நாள் உண்டு. தனியார் கம்பெனி அப்பாவுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. நாலாவது நாள் நான் ஆபீஸ்ல இருந்தேன். சனிக்கிழமை சாயந்திரம் காந்திபுரத்துல பஸ் ஏறி, ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்பி வருவேன். வாரத்துல ஒரு நாள் அப்பா.

ஃபோன்ல ஃபோட்டோ நிறைய இருந்துச்சு. தினமும் வாட்ஸ்அப்ல பத்து வரும். பார்ப்பேன், ஹார்ட் போடுவேன், அடுத்த மீட்டிங்குக்குப் போயிடுவேன். ஒரு மாசம் கழிச்சு யோசிச்சுப் பார்த்தா, என் மக புருவம் எப்படி இருக்கும்னு எனக்கு ஞாபகம் வரலை. அந்த வாரம்தான் இந்த நோட்டை வாங்கினேன்.

முதல் படத்தைப் பார்த்தா சிரிப்பீங்க. ரிட்டயர்டு தாசில்தார் ஒருத்தர் துண்டு போத்திப் படுத்திருக்கற மாதிரி இருக்கும். ஏன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. பெரியவங்களுக்கு மொத்த உயரத்துல தலை ஏறக்குறைய எட்டுல ஒரு பங்கு. பொறந்த குழந்தைக்கு நாலுல ஒரு பங்கு. கண்ணு முகத்தோட நடுக்கோட்டுக்குக் கீழ வரும். நெத்தி அவ்வளவு பெருசு. என் கை, தெரிஞ்ச மனுச முகத்தை வரைஞ்சுது. கண்ணு முன்னாடி இருந்த முகத்தை வரையலை.

இன்னொரு பிரச்சனையும் இருந்துச்சு. அவ தூங்கறப்பதான் என்னால வரைய முடியும். முழிச்சிருந்தா கை கால் நிக்காது. ஆனா தூங்கற கொழந்தையை உத்துப் பாக்கக்கூடாதுன்னு நம்ம ஊர்ல சொல்வாங்களே. மாமியார் வாசப்படியிலயே நின்னுட்டாங்க. "ஏனுங் மாப்பிள்ளை, தூங்கற புள்ளைய இப்படி வெறிக்க வெறிக்கப் பாத்தா கண்ணு பட்டுராதுங்களா?"

நான் என்ன சொல்றதுன்னு முழிச்சேன். அவங்களே வழியும் கண்டுபிடிச்சாங்க. நான் வரைஞ்சு முடிச்சதும் மை டப்பாவைத் தொறந்து, படத்துல இருக்கற பாப்பா கன்னத்துலயும் ஒரு திருஷ்டிப் பொட்டு வெச்சுட்டாங்க. அதுல இருந்து அது சட்டமாயிடுச்சு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் வரைவேன், அம்மிச்சி பொட்டு வைப்பாங்க. இந்த நோட்டுல இருக்கற கறுப்புப் பொட்டெல்லாம் நிஜமான மை.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். பத்தாவது வாரம். 23வது படம். மாமியார் பொட்டு வெச்சுட்டு நோட்டை மூடலை. பின்னாடி பின்னாடி புரட்டிக்கிட்டே போனாங்க. அப்புறம் கேட்டாங்க, "மாப்பிள்ளை, எல்லாத்துலயும் இந்தக் கன்னத்துலயே பொட்டு வெச்சிருக்கறனே, ஏனுங்க?"

வாங்கிப் பார்த்தேன். 23 படத்துலயும் இடது கன்னம், இடது காது. கட்டில்ல, தொட்டில்ல, பாயில. நான் ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல உக்காந்து வரைஞ்சிருக்கேன். அவ மட்டும் எப்பவும் வலது பக்கம் திரும்பியே படுத்திருக்கா. வலது காதை நான் ஒரு தடவைகூட வரையலை.

ஃபோட்டோவுல ஏன் தெரியலைன்னு கேக்கறீங்களா? ஃபோட்டோ எடுக்கறப்ப நாம என்ன பண்றோம்? "தங்கம், இங்க பாரு"ன்னு சொடக்குப் போட்டு, அவ பாக்கற பக்கம் போய் நின்னு எடுக்கறோம். நமக்குப் புடிச்ச முகம் கிடைக்கற வரைக்கும் எடுத்து, மிச்சத்தை அழிச்சிடறோம். வரையறவனுக்கு அந்த வசதி கிடையாது. அவ எப்படிக் கிடக்கறாளோ அப்படியே எடுத்துக்கணும்.

அடுத்து நான் பண்ணினது தப்பு. மனைவிகிட்ட போய், "நீ கவனிக்கவே இல்லையா?"ன்னு கேட்டேன். அவங்க என் முகத்தைக்கூடப் பாக்கலை. "நீங்க ஞாயித்துக்கிழமை வந்து படம் வரையறீங்க. மிச்சம் ஆறு நாளும் நான்தான் இருக்கேன். ஒரு பக்கம் பால் குடிக்கறப்ப மட்டும் அழறாள்னு ஒரு மாசமாச் சொல்றேனே. என்ன சொன்னீங்க?"

என்ன சொன்னேன்னு எனக்கு ஞாபகம் இல்லை. ஆனா நோட்டுல இருந்துச்சு. ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் தேதி போட்டு ஒரு வரி எழுதற பழக்கம் வெச்சிருந்தேன். 9வது படத்துக்குக் கீழ என் கையெழுத்துலயே இருக்கு: "ஒரு பக்கம் பால் குடிக்க அழறாளாம். சரியாயிடும்னு சொன்னேன்." அதாவது, விஷயம் என் காதுல விழுந்திருக்கு. எழுதியும் வெச்சிருக்கேன். ஆனா கேக்கலை.

திங்கக்கிழமை லீவு போட்டேன். குழந்தை டாக்டர்கிட்ட நோட்டையும் எடுத்துட்டுப் போனோம். கழுத்தைத் தடவிப் பார்த்தாங்க, இடுப்பு மூட்டையும் சேர்த்துப் பரிசோதிச்சாங்க. இதுக்கு டார்ட்டிகோலிஸ்னு பேரு. காதுக்குப் பின்னாடி தொடங்கி நெஞ்செலும்பு, காறை எலும்பு வரைக்கும் வர்ற தசை ஒரு பக்கம் இறுகியிருக்கும். இடது பக்கத் தசை இறுகினா தலை இடது தோள் பக்கம் சாயும், முகம் வலது பக்கம் திரும்பும். ஒரே பக்கமா படுத்துப் படுத்து மண்டையும் அந்தப் பக்கம் தட்டையாகும். எங்க பாப்பாவுக்கு லேசா ஆக ஆரம்பிச்சிருந்துச்சு. மூணு மாசத்துக்குள்ள பயிற்சியை ஆரம்பிச்சா பெரும்பாலான குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சரியாயிடும்னு சொன்னாங்க.

இங்க ஒண்ணு தெளிவாச் சொல்லணும். இதுக்குப் பயந்து யாரும் குழந்தையைக் குப்புறத் தூங்க வைக்காதீங்க. தூங்கறப்ப மல்லாக்கத்தான் படுக்கணும். 1992ல அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு, குப்புறப் படுக்க வைக்காதீங்கன்னு சொன்னதுக்கு அப்புறம் தூக்கத்துல நடக்கற திடீர் மரணங்கள் அங்க நல்லாக் குறைஞ்சுது. முழிச்சிருக்கறப்ப, நாம பக்கத்துல இருந்து, கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட விடணும். அது கழுத்துக்கும் நல்லது, மண்டைக்கும் நல்லது.

பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த பயிற்சியை டயாப்பர் மாத்தற ஒவ்வொரு தடவையும் பண்ணணும். அடுத்த வாரமே மனைவியும் குழந்தையும் மாமியாரும் கோயம்புத்தூர் வந்துட்டாங்க. காலைப் பயிற்சி, ராத்திரிப் பயிற்சி ரெண்டும் என் வேலை. கட்டிலைத் திருப்பிப் போட்டு, ஜன்னல் வெளிச்சம் அவளுக்கு இடது பக்கம் வர்ற மாதிரி பண்ணினோம். கிலுகிலுப்பையும் இடது பக்கம், அம்மிச்சி பாட்டும் இடது பக்கம். அவ அழுவா. எனக்கும் அழுகை வரும். ஆனாலும் பண்ணினோம்.

இந்தக் காலத்துலதான் எனக்கு இன்னொரு பயித்தியம் புடிச்சுது. எல்லாத்தையும் அளக்கறது. தவழலையே, உக்காரலையேன்னு. அதுக்கு மருந்தா ரெண்டு விஷயம் படிச்சேன்.

ஒண்ணு, உலக சுகாதார நிறுவனம் 2006ல வெளியிட்ட ஆய்வு. இந்தியா உட்பட அஞ்சு நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனிச்சாங்க. தனியா நடக்கறது 8.2 மாசத்துலயும் நடக்கலாம், 17.6 மாசத்துலயும் நடக்கலாம். அத்தனை பெரிய இடைவெளி. 4.3 சதவீதக் குழந்தைங்க கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை. நேரா அடுத்த கட்டத்துக்குப் போயிட்டாங்க.

இன்னொண்ணு சார்லஸ் டார்வின். பரிணாமம் சொன்ன அதே டார்வின்தான். 1839 டிசம்பர்ல மூத்த பையன் பொறந்ததும், அவன் தும்மறது, முகம் சுளிக்கறதுன்னு எல்லாத்தையும் குறிச்சு வெச்சார். 37 வருஷம் கழிச்சு, 1877ல அதைக் கட்டுரையாப் போட்டார். அதுல எனக்குப் புடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. 77வது நாள் பையன் பால் பாட்டிலை வலது கையாலதான் புடிச்சான், இடது கையால புடிக்க இன்னும் ஒரு வாரம் ஆச்சு. வலது கை ஒரு வாரம் முந்துதுன்னு டார்வின் குறிச்சார். கடைசியில பையன் இடது கைப் பழக்கக்காரனா வளர்ந்தான். டார்வின் கண்ணால பார்த்தது சரிதான். அதை வெச்சு முடிவு கட்டியிருந்தாத்தான் தப்பாப் போயிருக்கும்.

நம்மகிட்டயும் இப்படி ஒண்ணு இருக்கு, பிள்ளைத்தமிழ். 12ஆம் நூற்றாண்டுல ஒட்டக்கூத்தர் காலத்துல இருந்து வர்ற வகை. பத்துப் பருவம். செங்கீரைன்னா, குழந்தை ஒரு முட்டியை மடக்கி, கையை ஊன்றி, தலையைத் தூக்கி ஆடற பருவம். சப்பாணின்னா கை தட்டற பருவம். ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணறப்ப இது சாமிக்கும் ராஜாவுக்கும் எழுதினதுன்னு மட்டும்தான் தெரியும். என் மக முதல் தடவை தலையைத் தூக்கி ரெண்டு பக்கமும் ஆட்டினப்பதான், இதை எழுதினவர் ஒரு நிஜக் குழந்தை பக்கத்துல வெகு நேரம் உக்காந்திருக்கார்னு தோணுச்சு.

நீங்களும் வரையணும்னு நினைச்சா ரொம்ப ஒண்ணும் வேண்டாம். கோடு போடாத நோட்டு, ஒரு 2பி பென்சில், பத்து நிமிஷம். ரப்பர் வேண்டாம், தப்பான கோடும் இருக்கட்டும். தலையைப் பெருசாப் போடுங்க. கீழ தேதியும், அன்னிக்கு நடந்த ஒரு விஷயமும் எழுதுங்க. ஃபோனை வேற ரூம்ல வெச்சிடுங்க. மாசத்துக்கு ஒரு தடவை பழைய பக்கங்களைப் புரட்டிப் பாருங்க, வீட்டுல இருக்கற இன்னொருத்தர்கிட்டயும் காட்டுங்க. ஏதாவது வித்தியாசமாப் பட்டா கூகுள் வேண்டாம், டாக்டர்கிட்ட போங்க. முக்கியமா, குழந்தையை நாள் முழுக்கப் பாத்துக்கறவங்க சொல்றதை எழுதி வெச்சா மட்டும் போதாது. அதைக் கேளுங்க.

வலது காது எப்போ வந்துச்சுன்னு சொல்லாம முடிக்க மாட்டேன். 41வது படம், அஞ்சாவது மாசம். ஒரு ராத்திரி எட்டிப் பார்த்தேன். இடது பக்கம் திரும்பித் தூங்கிட்டு இருந்தா, யாரும் திருப்பி விடலை, அவளாவே. வரையறப்பதான் பார்த்தேன், வலது காது மடல்ல ஒரு சின்ன மடிப்பு இருக்கு. எங்க அப்பாருக்கு இருந்த அதே மடிப்பு. அஞ்சு மாசமா தூக்கி வெச்சிருக்கேன், அதுவரைக்கும் என் கண்ணுல படலை.

மாமியாரை எழுப்ப மனசு வரலை. காலையில எந்திரிச்சதும் அவங்களே வந்து பார்த்தாங்க. ஒண்ணும் பேசலை. மை டப்பாவை எடுத்துட்டு வந்து, அந்தக் கன்னத்துல பொட்டு வெச்சாங்க.

அடுத்த வாரம் பாக்கலாமுங்க. வர்றேன்.