உலக முடிவில் ஒரு காலை

வெள்ளவத்தைக் கடற்கரையில் உலவிப் பழகிய கால்களோடுதான் தம்பியும் நானும் ஹோட்டன் சமவெளிக்குச் சென்றோம். சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். பெலிஹுல் ஓயா அருவியாக வீழும் இடத்திற்கு இறங்கும் வழி, மரவேரும் ஈரக்கல்லுமாய் வழுக்கியது. சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயரின் பெயரை அவ்வருவி சுமக்கின்றது. நீரோ அவரை அறியாது. அங்கே நெடுநேரம் நின்றுவிட்டோம், அதுவே பிழை. காலை 10 மணிக்குள் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவிடுமென்று வழியில் ஒருவர் எச்சரித்திருந்தார். ‘உலக முடிவு’ எனும் செங்குத்து விளிம்பை அடைந்தபோது எங்கும் வெண்மை. ஏறத்தாழ 870 மீற்றர் ஆழம் காலடியில், கண்ணுக்கோ ஒன்றுமில்லை. “இன்னும் இரண்டடி போவோம், அண்ணா” என்றான் தம்பி. அவன் கையை இறுகப் பற்றிப் பின்வாங்கினேன். திரும்பும் வழியெல்லாம் அவன் என்னோடு பேசவில்லை.