இராவுத்தர் என்னும் பட்டம்
(ஜமாஅத் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

கோவை, பொள்ளாச்சி, உடுமலை, பள்ளபட்டி ஆகிய ஊர்களில் நம்மில் பலருடைய பாட்டனார் பெயருக்குப் பின்னே 'இராவுத்தர்' என்றிருக்கும். இன்றைய பிள்ளைகளில் பலர் அதன் பொருளை அறியார்.

இராவுத்தர் என்றால் குதிரை வீரர். வடமொழியின் 'ராஜபுத்ர' என்பதே திரிந்து இச்சொல்லாயிற்று என்பர் மொழியறிஞர். அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து பாண்டிய நாட்டிற்குக் குதிரைகள் கப்பலில் வந்திறங்கியதை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ குறித்துள்ளார். குதிரை வாணிபத்திலும் குதிரைப் படையிலும் பெயர் பெற்றோர்க்கு இப்பட்டம் வழங்கிற்று. 15ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் கந்தரலங்காரத்தில் மயிலேறும் முருகனையே 'இராவுத்தன்' என அழைத்தார் எனில், இச்சொல்லுக்கு நாட்டிலிருந்த மதிப்பு விளங்கும்.

குதிரையேறும் காலம் மறைந்த பின்னர், கல்விக் கொடையால் இப்பட்டத்தை விளங்கச் செய்தோரும் உண்டு. 1951இல் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியை ஜமால் முகம்மது சாகிபுடன் இணைந்து நிறுவியவர் காஜாமியான் இராவுத்தர்.

மரக்காயர் என்பது கடல் வாணிபத்தால் வந்தது. லெப்பை என்பது மார்க்கப் பணியால் வந்தது. இராவுத்தர் என்பது குதிரையால் வந்தது. மூன்றும் தொழிலைச் சுட்டுமேயன்றிப் பிறப்பின் உயர்வு தாழ்வைச் சுட்டா. அவ்வாறிருக்க, சம்பந்தம் பேசுமிடத்தில் "அவர்கள் வேறு, நாம் வேறு" என்று முகம் திருப்புவது முறையாகுமா? இறையச்சத்தாலன்றி எவருக்கும் மேன்மையில்லை என்பதன்றோ நம் மார்க்கம்!

ஆகவே, பட்டத்தின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அதனைக் கொண்டு பிறரை அளக்க மட்டும் கற்றுக்கொடுக்காதீர்கள்.